அக்கா தேர்ந்தெடுத்த நான்கு ஸ்லைடர்கள்

செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பழைய வால்யூம் கன்ட்ரோல்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருந்தாள் அக்கா. ஒரு பக்கம் திருகும் குமிழ்கள்: கறுப்பு, வெள்ளி விளிம்பு போட்டது, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய பழுப்பு நிறத்தது. இன்னொரு பக்கம் மேலும் கீழுமாகத் தள்ளுகிற நீளமான ஸ்லைடர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருகியும் தள்ளியும் பார்த்தாள். பிறகு மூச்சை மெல்ல உள்ளே இழுத்து, அந்த வேகத்துக்கே ஒரு ஸ்லைடரை மேலே ஏற்றினாள். பாதி வழியில் இருமல் வந்துவிட்டது. விரலை எடுக்காமலே இருமி முடித்தாள். அது இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்னறை.

அக்கா எங்கள் சபையின் பாடகர் குழுவில் சிறு வயதிலிருந்தே பாடியவள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு என்றால் அது அவளுடையதுதான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். அந்தப் படிப்புக்கு ஊரில் வேலை இல்லாததால் தொண்ணூறுகளின் நடுவில் ஷூ கம்பெனிக்குப் போனாள். அடி ஒட்டுவதற்கு முன்னால் மேல்தோலின் ஓரத்தைச் சுழலும் கம்பி பிரஷில் உரசிச் சொரசொரப்பாக்க வேண்டும். ரஃப்பிங் என்பார்கள், அதுதான் அவள் வேலை. சில வருஷங்களில் அவள் குரல் மேலே போகும்போது உடையத் தொடங்கியது. நீளமான வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. ஐஸ் தண்ணீர் குடிக்காதே என்றாள் அம்மா. பாடகர் குழுத் தலைவர் மிளகு மெல்லச் சொன்னார். நான் மெடிக்கலில் சொல்லி இருமல் மருந்து வாங்கி வந்தேன். தனிப்பாட்டு வேறொரு பெண்ணுக்குப் போன வருஷம் அக்கா எழுந்து கீபோர்டு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் கீபோர்டு அவளுக்குப் போதவில்லை. கட்டையை அமுக்கினால் ஒலி ஒரே அளவில் நிற்கிறது, பாடுகிறவன் தொண்டையில் ஒலி அப்படி நிற்காது, பெருகும், அடங்கும் என்பாள். சபைக்கு யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரைக் கீபோர்டோடு இணைத்திருந்தார்கள். அதில் விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் செருகும் இடம் ஒன்று சும்மா கிடந்தது. அந்த வழியாக நான்கு வால்யூம் கன்ட்ரோல்களை இணைக்கலாம் என்று எங்கோ படித்திருந்தாள். நான்குக்கு மேல் ஏற்காது. வயலின் கூட்டம், ஆர்கன், அடிக்குரல் மூன்றுக்கும் ஒவ்வொன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. வலது கை வாசிக்கும்போது இடது கை இவற்றை ஏற்றி இறக்க வேண்டும். தன்னால் இனிப் பாட முடியாத நீண்ட மூச்சை அந்தப் பெட்டியில் வைத்துவிடப் பார்த்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குமிழா ஸ்லைடரா என்பதில்தான் எங்களுக்குச் சண்டை. நான் குமிழ் பக்கம். பார்க்க லட்சணமாக இருக்கும், மரப்பெட்டியில் வட்டமாகத் துளை போடுவதும் சுலபம். ஒரு குமிழைத் திருக இரண்டு விரல் வேண்டும், ஒரு கையால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திருகலாம், ஸ்லைடர் என்றால் நான்கு விரலில் நான்கையும் சேர்த்துத் தள்ளலாம் என்றாள் அவள். பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை பாயிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். கல்யாண மேடைக்கு வாடகைக்கு விட்டுக் கெட்டுப்போன சவுண்ட் மிக்சர் ஒன்றிலிருந்து கழற்றிய, ஒரே அளவான நான்கு ஸ்லைடர்கள் அவரிடம் இருந்தன. எடுத்துக் கொடுத்தாலும் அவருக்கு மனசில்லை.

"இது மேல தொறந்த பள்ளம்மா. தூசி நேரா உள்ள போய்டும். திருகுற நாப்புன்னா மூடி இருக்கும், பேஜார் கம்மி."

"என் பாட்டு ஏறி எறங்கணும் பாய். திருகினா ஏறாது, சுத்தும்" என்றாள் அக்கா.

"இன்னா பதில் பாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடியே பொட்டலம் கட்டினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெட்டி தயாராகிவிட்டது. ஆராதனையில் அக்கா நான்கு விரல்களையும் ஒன்றாகத் தள்ளியபோது வயலின்கள் அடியிலிருந்து எழுந்து கோயில் கூரை வரை போய், பாடியவர்களின் குரலோடு இறங்கின. போதகர் திரும்பிப் பார்த்தார். அக்காவின் தோள்களும் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

பாய் சொன்னது சில மாதங்களில் நடந்தது. மெல்ல எழ வேண்டிய ஒலி திடீரென்று குதித்தது, பாதியில் அறுந்தது. அக்கா பெட்டியைத் திறந்தாள். ஸ்லைடர் பள்ளங்களில் சாம்பல் நிறத்தில், பஞ்சு மாதிரி மெல்லிய தூள். அது தெருத்தூசி இல்லை. ஷிப்ட் முடிந்த கையோடு உடைகூட மாற்றாமல் பெட்டி முன்னால் உட்காருவாள். தலைமுடியிலும் சுடிதார் மடிப்பிலும் வந்த தோல் தூள் அது.

"பார்றா, எங்க செக்‌ஷனே உள்ள குடி வந்துட்டுது" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். பிறகு ஷூவுக்கு உள்பக்கம் வைக்கும் லைனிங் தோலில் மெல்லிய பட்டைகள் வெட்டி, ஒவ்வொரு பள்ளத்தின் இரு பக்கமும் ஒட்டினாள். இரண்டு உதடுகள் சேர்ந்திருப்பது போல அவை மூடி நிற்கும். ஸ்லைடர் நகரும் இடத்தில் மட்டும் திறந்து, உடனே மூடிக்கொள்ளும். அதன்பின் பெட்டி ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. அவள் மூக்குக்கு மட்டும் அப்படி எதுவும் இல்லை. கம்பெனியில் மாஸ்க் இருந்தது. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வருகிற நாளில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அந்தச் சூட்டில் அதைக் கட்டிக்கொண்டால் டார்கெட் முடியாது என்று பெண்கள் தாங்களே கழற்றி வைத்துவிடுவார்கள், துப்பட்டா முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இதை அக்கா தமாஷாகச் சொல்வாள். நாங்களும் தமாஷாகவே கேட்டுக்கொண்டோம்.

படியேறும்போது அவள் மூச்சு வாங்கி நிற்கத் தொடங்கிய பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதலில் டிபி என்று சந்தேகப்பட்டார்கள். அது இல்லை என்றானது. எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துக் காட்டிய டாக்டர், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று கேட்டார். தூசி மட்டும்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பங்கு இருக்கலாம், நுரையீரலில் கெட்டுப்போன பகுதி திரும்பி வராது என்றார். அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்து தொடைச்சிட்டு மூட முடியாதா டாக்டர்?"

அவர் வேடிக்கை என்று நினைத்துப் புன்னகைத்தார். அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அதன்பிறகும் இரண்டு கிறிஸ்துமஸ்கள் வாசித்தாள். கடைசி வருஷம் பக்கத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன், விழுந்துவிடுவாளோ என்று. அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன் போய்விட்டாள்.

பல வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் வீட்டில் யாராவது இருமினால் செய்வதை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். நான் படித்தவன், ஆபீஸ் வேலையில் இருப்பவன். குமிழா ஸ்லைடரா என்று வாரக்கணக்கில் அவளோடு வாதாடினேன். அவள் அத்தனை வருஷம் உழைத்த கம்பெனியின் வாசலில் நான் ஒருநாள்கூடப் போய் நின்றதில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டதும் இல்லை.

என் மகளுக்கு இந்த வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்றேன். "ஏசி ரூம்ப்பா, கம்ப்யூட்டர் மட்டும்தான்" என்றாள். பக்கத்து ரூமில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனாள். சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

"ரஃப்பிங்தான்ப்பா. நடுவுல ஒரு கதவு இருக்குது."

"மூடி வைப்பாங்களா?"

அவள் செருப்பை ஓரமாகத் தள்ளினாள். "கவனிக்கலப்பா."

மறுநாள் காலை அவளோடு நானும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அப்பாவையெல்லாம் உள்ளே விட மாட்டார்கள், மானம் போகும் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கேட்டில் நிறுத்தினால் அங்கேயே நிற்கிறேன் என்று சொல்லி, அவளுக்குப் பின்னால் பஸ்ஸில் ஏறினேன்.