எடை பார்த்து வாங்கிய கேமரா

சேலத்தில் அந்தக் கடையின் கண்ணாடி மேசைமேல் ஒரு நீலத் துணியை விரித்து, இரண்டு கேமராக்களை அருகருகே எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று சிறியது, புதிதாகத் தொழில் பழகுகிறவர்களுக்கானது. மற்றது பெரியது, விலையும் அதற்கேற்றபடி. அப்பா ஒரு கையில் ஒன்றும் மறு கையில் ஒன்றுமாக இரண்டையும் தூக்கினார். கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை, ஒரு பொத்தானைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. சந்தையில் பூசணிக்காய் எடுப்பவர் மாதிரி இரண்டையும் லேசாக மேலே தூக்கி, கீழே இறக்கி, எடை பார்த்தார். பிறகு விரல் முட்டியால் சிறியதைத் தட்டினார். பிளாஸ்டிக் சத்தம் வந்தது. பெரியதைத் தட்டினார். சத்தமே வரவில்லை. “இதுதானுங்க கெட்டி” என்றார். கேமரா வேண்டியிருந்தது என் அக்காவுக்கு. அவள் மேசைக்கு ஓரமாக, இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்பாவைக் குறை சொல்லுமுன் அவருடைய தொழிலைச் சொல்லிவிட வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்தார். தொழிற்சாலையிலிருந்து லாரி முழுசாக வராது. இன்ஜினும் சக்கரமும் இரும்புச் சட்டமுமாக, வெறும் சேசிஸ்தான் வரும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றையும் வெயிலையும் மூஞ்சியில் வாங்கிக்கொண்டு ஓட்டுநர்கள் அதை நெடுஞ்சாலையில் ஓட்டி வருவார்கள். கதவும் கூரையும் பலகையும் எங்கள் ஊரில்தான் ஏறும். சேசிஸ் மட்டும் நல்லதாக இருந்துவிட்டால் மற்றதை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அப்பா வாழ்நாள் முழுக்கக் கண்ட உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் அவர் எங்களைப் படிக்க வைத்தார், வீடு கட்டினார். கேமராக் கடைக்கு மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வருவாரா என்ன?

அக்கா அப்போது புகுந்த வீட்டிலிருந்து வந்துவிட்டிருந்தாள். ஏன் வந்தாள் என்பது இங்கே தேவையில்லை. திரும்பிப் போகக்கூடாது என்பதில் அவளுக்கும் எங்களுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. குழந்தைக்கு நடை பழகும் வயது. அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் தயாரிக்கும் வேலைக்குப் போனாள். பெண் பிள்ளைகள் பெரியவளானால் செய்யும் சீர், வளைகாப்பு என்று பெண்கள் மட்டும் கூடும் விசேஷங்களுக்கு ஸ்டுடியோக்காரர் தன்னிடமிருந்த சின்னக் கேமராவைக் கொடுத்து அவளை அனுப்புவார். ஆண்கள் எட்டிப் பார்க்க முடியாத அறைக்குள்ளெல்லாம் அக்கா போய்விடுவாள். கேமராவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “ஏனுங்க அத்தை, இந்தச் சீலை எங்க எடுத்தீங்க?” என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பாள். எப்போது எடுத்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் எடுத்த ஒரு படம் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. சீருக்கு உட்காரப்போகும் பெண்ணுக்கு அவளுடைய அத்தை குனிந்து புடவைக் கொசுவம் சரிசெய்கிறாள். அத்தையின் பல்லிடுக்கில் ஒரு ஊக்கு. அந்த ஊக்கோடு ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், அந்தப் பெண்ணும் வெட்கத்தை மறந்து சிரிக்கிறாள். அந்த வீட்டார் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள்.

சொந்தமாக ஒரு கேமரா இருந்தால் இந்த வேலையைத் தானே எடுத்துச் செய்யலாம், யார் கையையும் பார்க்காமல் பிள்ளையை வளர்த்துவிடலாம் என்ற எண்ணம் அக்காவுக்கு வந்தது அப்போதுதான். என்ன வாங்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. விலை குறைந்த அந்தச் சின்னக் கேமரா. மிச்சப் பணத்தில், வெளிச்சம் குறைவான அறையிலும் நன்றாக எடுக்கிற ஒரு லென்ஸ், தனியாக ஒரு ஃபிளாஷ். இதை என்னிடம் சொல்லியிருந்தாள், அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. வாழ்க்கையை முறித்துக்கொண்டு வந்து பெற்றவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள், வாங்கித் தருகிறேன் என்று அவரே வாய்விட்டுச் சொன்ன பிறகு, இதுதான் வேண்டும் என்று எப்படிக் கேட்பாள்?

கடைக்காரர் நல்ல மனிதர். பெரியதை விற்றால் அவருக்குத்தான் லாபம், ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சின்னதை எடுத்தீங்கன்னா இதே காசுக்கு நல்ல லென்சும் ஃபிளாஷும் சேர்த்து வந்துருமுங்க. படத்துக்கு லென்ஸ்தான் முக்கியம்” என்றார். அப்பா சிரித்தார். “சேசிஸ் நல்லதா இருந்துட்டா மத்ததெல்லாம் பொறவு ஏத்திக்கலாமுங்க” என்றார். பிறகு, கேட்காமலே, “என்ற பொண்ணு சொந்தமா ஸ்டுடியோ வெக்கறாளுங்க. சின்னத மாட்டீட்டுப் போனா நாலு பேரு மதிக்க மாட்டாங்க” என்றார். ஸ்டுடியோ வைப்பதாக அக்கா எப்போதும் சொன்னதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போன காலம் அது. அவர்கள் முன்னால் மகளைத் தலைநிமிர்த்தி நிறுத்த அப்பாவுக்குக் கிடைத்த வழி அந்தப் பெரிய கேமரா. அவர் வாங்கியது அவளுக்காகத்தான், அதில் எனக்கு இன்றைக்கும் ஐயமில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் குறை.

மறுநாள் பட்டறையில் பூசை. புது வண்டிக்குச் செய்வதையெல்லாம் அந்தக் கேமராவுக்கும் செய்தார் அப்பா. தேங்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார், சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். வேலையாட்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். நல்லவேளையாகச் சக்கரம் இல்லை, இருந்திருந்தால் அதற்கடியிலும் ஒரு பழம் வைத்திருப்பார். மேலே திருகுகிற வட்டப் பொத்தானின் பள்ளத்தில் குங்குமம் இறங்கிக்கொண்டது. அக்கா சாயங்காலம் முழுக்கப் பழைய பல்துலக்கியால் அதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். அக்கா அந்தக் கேமராவை வைத்துக்கொண்டு சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

முதல் விசேஷம் ராசிபுரத்தில், பட்டுத் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில். பெண்ணுக்குச் சீர். உதவிக்கு நானும் போயிருந்தேன். தெருவில் பந்தல் போட்டு, வாசலை மறைத்துப் படுதா கட்டியிருந்ததால், உள்ளே பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு. அக்கா பையிலிருந்து கேமராவை எடுத்ததும் அறையில் இருந்த பேச்சு நின்றுபோயிற்று. “பெரிய கேமராக்காரங்க வந்துட்டாங்க, எல்லாரும் நேரா உக்காருங்க” என்றது ஒரு குரல். தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆயா அவசரமாக வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, இரண்டு கையையும் மடிமேல் வைத்து, அடையாள அட்டைக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். அக்கா என்னென்னவோ பேசிப் பார்த்தாள். ஒருவர் முகமும் இளகவில்லை. சின்னக் கேமராவில் தானாகவே ஒரு ஃபிளாஷ் எழும்பி வரும். விலை கூடிய இதில் அது கிடையாது, தனியாகத்தான் வாங்கி மாட்ட வேண்டும். கேமராவோடு வந்த சாதாரண லென்ஸுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. கேமராவின் கனத்தில் அரைமணி நேரத்துக்குள் அக்காவின் மணிக்கட்டு ஓய்ந்துவிட்டது. தாய்மாமன் தட்டோடு உள்ளே வந்து, மருமகளுக்கு மாலை போட்ட அந்த நேரத்துப் படங்கள் அத்தனையும் கலங்கிப்போயிருந்தன.

ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த வீட்டம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். “பரவால்லீங்க கண்ணு, நல்லாத்தான் இருக்குது” என்றார். எங்கள் பக்கத்து மரியாதை அது. பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அடுத்த விசேஷத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள். அதற்குப் பின் வந்த வேலைகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். வெட்டவெளியில் எடுத்த படங்கள் அற்புதமாக வந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அக்காவைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் வெட்டவெளியில் சீர் செய்யவில்லை.

லென்ஸ் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னது வெறும் பேச்சல்ல, வாங்கித்தான் கொடுத்திருப்பார். ஆனால் அந்த வருஷமே பட்டறைக்கு வண்டி வருவது குறைந்தது. கூண்டு கட்டிக்கொண்டு போனவர்கள் பாக்கியை இழுத்தடித்தார்கள். வேலையாட்களுக்கு வாரக்கூலி கொடுக்கவே அப்பா திணறுவதை அக்கா பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? அவள் கேட்கவில்லை. சின்னக் கேமராவை இரவல் கேட்கப் பழைய ஸ்டுடியோவுக்கும் போக முடியவில்லை. “உங்கப்பாரு அவ்வளவு பெரிய கேமரா வாங்கிக் குடுத்திருக்கறாரு, உனக்கெதுக்கு அம்மணி இது?” என்று ஸ்டுடியோக்காரர் கேலியாகச் சொன்னாராம். கேலிதான். ஆனால் அவள் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் சேலத்தில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் பில் போடும் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, மறு வாரமே பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்கும் அதே கடை, அதே பஸ்.

கேமரா பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. அப்பா எப்போதாவது, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது, “ஏஞ்சாமி, படம் எடுக்கப் போறதில்லையா?” என்று கேட்பார். “இப்ப சீசன் இல்லீங்கப்பா” என்பாள் அக்கா. சித்திரையிலும் சீசன் இல்லை, ஆவணியிலும் சீசன் இல்லை. அப்பாவும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தச் சின்ன விஷயம்கூடவா இவருக்குப் புரியவில்லை என்று அம்மாவிடம் போய்க் கத்துவேன். “அவரு மனசு நோகும், உட்டுரு” என்பாள் அம்மா. அப்பாவுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதில் அக்காவும் அம்மாவும் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தால் அக்காவே பீரோவைத் திறந்து கேமராவை எடுத்துக் காட்டுவாள். அவர்களும் கையில் வாங்கி, “யப்பா, என்ன கனம்!” என்பார்கள். அப்பாவின் முகம் மலரும்.

இப்போது கல்யாணங்களில் இளம்பெண்கள் கேமராவோடு சுற்றுவதைப் பார்க்கிறேன். கூட்டத்துக்குள் புகுந்து, தரையில் உட்கார்ந்து, சிரித்துப் பேசி எடுக்கிறார்கள். அவர்களைத் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறெரிகிறது. எங்கள் ஊரில் அந்த வேலையை முதலில் செய்தவள் பில் போட்டுக்கொண்டிருக்கிறாளே என்றுதான். அக்காவிடம் சொன்னால், “எனக்கென்னடி கொறை? மாசம் பொறந்தாச் சம்பளம்” என்கிறாள். விசேஷ வீடுகளில் அவள் படம் எடுத்துக்கொள்ள நிற்பதில்லை. போனில்கூட யாரையும் எடுப்பதில்லை.

போன மாதம் அக்கா மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கப் போனோம். அவள் கல்லூரியில் படிக்கிறாள், பஸ்ஸில் நசுங்கியது போதும் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். அப்பாவையும் அழைத்துப் போனோம். பட்டறையைக் கைமாற்றிக் கொடுத்த பிறகு அவருக்குப் பகல் நகர்வது கஷ்டம், வண்டிக் கடை என்றால் உற்சாகமாக இருப்பார் என்று நினைத்தோம். கடை வாசல் வரை வந்தவர், அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“உள்ள வாங்கப்பா” என்றாள் அக்கா.

“நீங்க போங்க. நா உள்ள வந்தா பெருசத்தான் கை காட்டுவேன். புள்ளைக்கு எது வேணுமோ அவளே பாத்து எடுக்கட்டும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டாள். சீசன் இல்லை என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டியதெல்லாம் தெரிந்துகொண்டு ஆட்டியதுதான். அவர் மனசு நோகக்கூடாது என்று இவள் மறைத்தாள். மறைக்கிறாளே என்று அவர் கேட்காமலிருந்தார். இரண்டு பேரும் அத்தனை வருஷம் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்ததில் அவளுடைய தொழில் போய்விட்டது. மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அக்கா திரும்பி வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அன்னைக்கே நாஞ் சொல்லியிருக்கோணுங்கப்பா” என்றாள். “அந்தச் சின்னதுதான் வேணும்னு.”

அப்பா சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பனா, சாமி?”

கேட்டிருக்க மாட்டார். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அக்கா அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு, மகள் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் வரை அங்கேயே நின்றிருந்தாள்.