வளையாத சட்டம்

கல்யாணமாகி வந்த புதிதிலேயே பள்ளிக்கூட வேன் ஓட்டத் தொடங்கியவள் என்பதால், அவளை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் சொந்தமாகப் பேருந்து வாங்கியதும் வேனுக்கு வேலை இல்லாமல் போனது. சும்மா உட்கார்ந்தால் கை காலெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று பயந்து, மாமனாரின் நிலத்தைக் கையில் எடுத்தாள்.

நிலம் லேசில் மசியவில்லை. வருடக்கணக்காக மேலோட்டமாகவே கீறி உழுததில், ஒரு சாணுக்குக் கீழே மண் தளம் போட்டதுபோல இறுகிக் கிடந்தது. மேலே கோரை மண்டியிருந்தது. பிடுங்கப் பிடுங்க முளைத்தது. மண்ணைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால்தான் வழி பிறக்கும். அதற்கு வளைபலகைக் கலப்பை வேண்டும். கொழு மண்ணை வெட்டும். அதன் மேலிருக்கும் வளைந்த இரும்புப் பலகை, வெட்டிய மண்ணைத் தூக்கிக் கவிழ்த்துப் போடும்.

அப்படி ஒரு கலப்பை கொல்லையிலேயே கிடந்தது. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் முகங்கள் இறுகிவிடும்.

மாமனாரும் அவருடைய தம்பியும் சேர்ந்து, யாரோ ஒரு தரகரிடம் பழசாக வாங்கிய இரட்டைக் கொழுக் கலப்பை அது. டிராக்டரில் மாட்டிய முதல் நாளே ஒரு பக்கமாக இழுத்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நடுவே ஒரு கீற்று உழப்படாமல் நின்றது. தம்பி கல்லில் மோதி, கொழுக்களைத் தாங்கும் சட்டத்தை வளைத்துவிட்டான் என்றார் அண்ணன். ஓட்டத் தெரியாதவர் சாக்குச் சொல்கிறார் என்றார் தம்பி. பேச்சு தடித்து, முற்றத்துக்கு நடுவே சுவர் எழும்பியது. அதன்பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை. எதுவானாலும் வேன் அக்காவிடம்தான் சொல்லி அனுப்புவார்கள்.

"வேன்ல மட்டுமா, வீட்டுலயும் ஏத்தி இறக்குறதுதான் என் பொழப்பு" என்று அவள் கணவனிடம் அலுத்துக்கொள்வாள்.

கலப்பையை எடுக்கப்போகிறேன் என்றதும் மாமனார் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்தச் சனியனை மறுபடி ஏம்மா கிளப்புற?"

"ஓடலைன்னா நானே பழைய இரும்புக்குப் போட்டுடறேன் மாமா. ஒரு தடவை பார்த்துடறேனே."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க, மேலே பூசியிருந்த பச்சைப் பெயின்ட் உரிந்தது. முன் கொழுவின் பலகையில் பச்சைக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. பின்னால் இருந்ததில் நீலம். அவளுக்குச் சுருக்கென்றது. பலகைகளின் முதுகைத் துடைத்துப் பார்த்தாள். இரண்டிலும் வார்ப்பிலேயே எண்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கொழுக்களை அளந்தாள். பின்னது இரண்டு அங்குலம் குறுகல்.

கணவன் தச்சன். குறி போடும் நூலை எடுத்து வந்து, சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டினான். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"என்னங்க, வளைஞ்சிருக்கா?"

"நான் இழைச்ச கதவுகூட இவ்வளவு நேரா இருக்காது."

அவள் இரண்டு கொழுக்களையும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள். உதிரிபாகக் கடைக்காரம்மா அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததுமே சிரித்துவிட்டாள்.

"இது ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க இல்லம்மா. வேற வேற கம்பெனி. யாரோ ஒட்டுப் போட்டுப் பச்சை அடிச்சு வித்திருக்காங்க. பின்னால உள்ளது சின்னது. முன்னது விட்ட இடத்தை அதால எட்டிப் பிடிக்க முடியாது."

"அதான் நடுவுல கீற்று நின்னுச்சா?"

"வேற எப்படி நிக்கும்? யாரு ஓட்டினாலும் நிக்கும்."

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தையே அவள் காதில் ஓடியது.

அவள் சொன்னதையெல்லாம் மாமனார் கேட்டுவிட்டு, நூலை அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். தானே குனிந்து பார்த்தார். சட்டத்தின் மேல் கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே போனார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்ன மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கலப்பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணன் என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை சின்ன மாமா. படுத்துட்டாரு."

"சாப்பிட்டாரா?"

அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அண்ணன் என்ற சொல் வந்து அவள் கேட்டதில்லை.

முன்கொழுவுக்கு இணை கிடைக்கும்வரை ஒற்றைக் கொழுவோடு ஓட்டுவது என்று முடிவு செய்தாள். முன்கொழுவைத் திரும்ப மாட்டி, பின்கொழு இருந்த பாகத்தை முழுசாகச் சட்டத்திலிருந்து இறக்கினாள். உழாத மண்ணின் ஓரத்தை உரசியபடி ஓடி, கலப்பையை நேராக வைத்திருக்கும் நீளத் தகடு அதில்தான் இருந்தது. அதைக் கழற்றி, புதுத் துளை போட்டு முன்கொழுவுக்கு மாற்றினாள். உழும்போது டிராக்டரின் வலது சக்கரம் முன்பு உழுத சால் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும், வண்டி சாய்ந்தே போகும். அதனால் இடது சக்கரங்களுக்கு அடியில் சால் ஆழத்துக்குக் கணவன் மரக்கட்டை கொடுத்தான். அந்தச் சாய்விலேயே கலப்பை சமமாக நிற்கும்படி அதைத் தாங்கும் டிராக்டரின் தூக்குக் கையைத் திருகி வைத்தாள்.

காலையில் வயலில் இறங்கியபோது மாமனார் மேற்கு வரப்பில் நின்றார். சின்ன மாமனார் கிழக்கு வரப்பில், ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்போல. முதல் ஓட்டத்தில் கொழு ஆழம் பிடிக்காமல் மேலேயே வழுக்கியது.

"மேல் கம்பியைக் குறைம்மா!" என்று கத்தினார் மாமனார்.

"குறைச்சா மூக்கு குத்தும்!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"குத்தாது, ஒரு திருகுதான்!"

"ஒரு திருகுன்னா சரி. உங்களுக்கு ஒண்ணுன்னா நாலாச்சே!"

சொல்லிவிட்டுத்தான் இருவருக்கும் உறைத்தது. வேன் அக்கா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கி, டிராக்டரையும் கலப்பையையும் இணைக்கும் மேல் கம்பியை ஒரு சுற்றுத் திருகிவிட்டு ஏறினாள். கொழு உள்ளே இறங்கியது. இறுகிய மண் கறுத்துப் பளபளத்துப் புரண்டு, கோரையை வேரோடு கவிழ்த்துக்கொண்டு விழுந்தது. வயல் முனையில் திரும்பிப் பார்த்தபோது சால் கோடு கிழித்ததுபோல நேராகக் கிடந்தது. அதன் நடுவில் குந்தி, ஆழத்தைக் கையால் சாண் போட்டுக்கொண்டிருந்தார் சின்ன மாமனார். மாமனார் வரப்பிலிருந்து இறங்கி அவரை நோக்கி நடந்தார். என்ன பேசினார்கள் என்று டிராக்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டுச் சொல்ல வேண்டிய வேலையும் அவளுக்கு இல்லை.

சுவர் இன்னும் இருக்கிறது. இடிக்க யாருக்கும் நேரமில்லை. அந்தப் பருவத்தில் கோரை பாதிக்கு மேல் குறைந்தது. பயிர் வேர் கீழே இறங்கியது. பழைய கலப்பை வைத்திருப்பவர்கள் இப்போது பலகையின் முதுகைத் துடைத்து எண்ணைப் பார்த்துவிட்டு வேன் அக்காவுக்குப் போன் செய்கிறார்கள். இன்று காலை உதிரிபாகக் கடைக்காரம்மாவும் கூப்பிட்டாள். முன்கொழுவின் அதே வார்ப்பு எண்ணில் இணை ஒன்று வந்திருக்கிறதாம். பார்த்து வரச் சின்ன மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். மாமனார் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.