ஏரிக் கர்ச்சீப்

பெங்களூரு வந்த பிறகு பிள்ளையின் பள்ளிப் பையில் இரண்டு கர்ச்சீப் வைக்கப் பழகிக்கொண்டேன். ஒன்று மூக்குத் துடைக்க, இன்னொன்று ஏரிக்கு. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பள்ளி வேன் ஏரிப் பாலத்தை நெருங்கும்போது டிரைவர் ஹாரனைத் தட்டுவார். உள்ளே இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் பாட்டை நிறுத்திவிட்டு மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொள்வார்கள். மழை பெய்த மறுநாள் ஏரியிலிருந்து வெள்ளை நுரை எழும்பி, கம்பி வேலியைத் தாண்டி ரோட்டில் உருளும். வேனுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஆபீஸ் போகும் என் ஹெல்மெட்டிலும் வந்து ஒட்டும். முதல் வாரம் குமட்டியது, பிறகு துடைத்துவிட்டுப் போகப் பழகிவிட்டேன். யுகேஜி படிக்கும் என் மகள் மதிக்குப் பழக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் பார்த்த ஒரே ஏரி அதுதான். இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை.

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வீடும் விலங்குகளைப் பற்றியோ காடு மலைகளைப் பற்றியோ ஒரு படப் புத்தகம் வாங்க வேண்டும். சனிக்கிழமை தோறும் அது அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு வீட்டில் கன்னடம், ஒரு வீட்டில் தெலுங்கு, ஒரு வீட்டில் இந்தி, எங்கள் வீட்டில் தமிழ். யாராலும் அடுத்தவர் எழுத்தைப் படிக்க முடியாது. அதனால் கொடுக்கிறவர் வாசலில் நின்றபடியே இங்கிலீஷ் கலந்து கதையைச் சொல்வார். வாங்குகிறவர் அதைத் தன் மொழியில் துண்டுக் காகிதத்தில் எழுதி, படத்துக்குக் கீழே பசை தடவி ஒட்டிக்கொள்வார். நாங்கள் வாங்கிய யானைக்குட்டிப் புத்தகம் சுற்றி வந்தபோது, பக்கத்துக்குப் பக்கம் காகித வால்கள் தொங்கின. எனக்குப் பெருமையாக இருந்தது. மதி பேசுவதில் பாதி கன்னடம், மீதி இங்கிலீஷ். கீரி, மரங்கொத்தி, கூழைக்கடா என்று இந்தப் பெயர்களாவது தமிழில் அவளிடம் தங்கட்டும் என்பதுதான் என் ஆசை.

இரண்டாவது மாடி ஷோபா கொடுத்தது அவர் மகள் அனன்யாவின் ஏரிப் புத்தகம். ஷோபா இந்த ஊர்க்காரர். தமிழ் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்ததால் நம்மோடு தமிழிலேயே பேசுவார். புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். கண்ணாடி போல நீலத் தண்ணீர், தாமரை இலையில் ஒரு தவளை, கரையோரம் பெரிய அலகோடு ஒரு கூழைக்கடா. நான் சமையலறையில் பசை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மதி என் ஆபீஸ் பையிலிருந்து வொயிட்னரை எடுத்திருக்கிறாள். வந்து பார்த்தால் பாதி ஏரி வெள்ளையாகியிருந்தது. சுருள் சுருளாக, கரையைத் தாண்டி, பக்கத்தின் ஓரம் வரைக்கும் நுரை. கூழைக்கடாவின் அலகைச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒரு கர்ச்சீப், பின்னந்தலையில் முடிச்சோடு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. தப்புச் செய்த பிள்ளையின் முகம்கூட இல்லை.

"நொரெ போட மறந்துட்டாங்கம்மா. நான் சரி பண்ணிட்டேன்."

"பறவைக்கு எதுக்குடி கர்ச்சீப்?"

"அதுக்கு நாத்தம் அடிக்காதா?"

பயமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் பெயர்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளோ அந்தப் பெயர்களுக்குரியவை எப்படி வாழ்கின்றன என்று தானாகவே தெரிந்துவைத்திருந்தாள்.

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஷோபா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதை அவர் மொழியிலேயே கேட்டால் மரியாதை என்று நினைத்ததுதான் வினையாகிவிட்டது. என்னிடம் இருக்கும் அரைகுறைக் கன்னடத்தில், "கெரேலி நொரெ இதெ அல்வா, அதக்கே," என்றேன். ஏரியில் நுரை இருக்கிறதல்லவா, அதனால்தான் பிள்ளை இப்படிச் செய்துவிட்டது என்று முழுதாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஷோபாவின் முகம் கடுகடுத்தது.

"ஏன்ரீ, பொழைக்க இங்க வர்றீங்க, சம்பளம் இங்க வாங்குறீங்க. எங்க கெரெ நாறுதுன்னு என் பொண்ணு புக்குலயே வரைஞ்சு காட்டணுமா? உங்க ஊர் ஆறு என்ன பன்னீரா?"

தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார். திருத்தப் போன என்னை அந்தக் கடைசிக் கேள்வி ஊருக்கே இழுத்துப் போய்விட்டது. நான் பிறந்தது வாணியம்பாடிப் பக்கம், பாலாற்றங்கரையில். டேனரிகளில் தோல் பதப்படுத்தும் தண்ணீர் ஆற்றில் போய்ச் சேரும். மூன்றாம் வகுப்பில் ஆறு வரையச் சொன்னபோது நான் காப்பிக் கலர் அடித்தேன். டிராயிங் மாஸ்டர் நோட்டைப் பிடுங்கி, அதன் மேலேயே நீலத்தை அழுத்தித் தேய்த்து, "ஆறுன்னா இதுதான் கலர்," என்றார். நான் அன்றைக்கு நம்பிவிட்டேன். பிறகு வரைந்த ஆறெல்லாம் நீலம்தான். இங்கே வந்த பிறகு மதிக்குச் சொன்ன கதைகளிலும் நம்ம ஊர் ஆறு நீலமாகத்தான் ஓடியது.

"பன்னீர் இல்ல ஷோபா," என்றேன் தமிழிலேயே. "அங்கயும் இதே கதைதான். பாலம் வந்தா நாங்களும் மூக்கைப் பொத்திக்குவோம்."

ஷோபா கூழைக்கடாவின் கர்ச்சீப்பை விரலால் தடவினார். பிறகு, "எங்க அப்பா அந்தக் கெரெலதான் நீச்சல் கத்துக்கிட்டார். நான் சொன்னா அனன்யா நம்ப மாட்டேங்கறா. அதுக்குத்தான் இந்த புக்கே வாங்குனேன்," என்றார். புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் புத்தகத்தோடு உள்ளே போனார். மாடிப்படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் திட்டியதற்காக வந்த அழுகை இல்லை அது.

சனிக்கிழமை அந்தப் புத்தகம் வழக்கம்போல அடுத்த வீட்டுக்குப் போனது. ஷோபா எடுத்துப் போகும் வழியில் வாங்கிப் பார்த்தேன். அவர் எதையும் சுரண்டியிருக்கவில்லை. இலைமேல் இருந்த தவளைக்கும் இப்போது ஒரு கர்ச்சீப் இருந்தது. பச்சைக் கலரில், அனன்யாவின் கைவேலை.

போன மாதம் ஊருக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ. பாலம் வருவதற்கு முன்பே, "நம்ம ஊர் ஆறு வரப் போகுது, பாரு," என்று மதியைத் தட்டி எழுப்பினேன். அவள் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் கை பாக்கெட்டுக்குப் போனது. கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டாள். "இங்க அது வேணாம் கண்ணு," என்று சொல்ல நினைத்த நொடியில் காற்று திரும்பி, ஊறிய தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை ஆட்டோவுக்குள் வந்தது. மதி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"திரும்ப பெங்களூருக்கே வந்துட்டோமாம்மா?"

இல்லை, இதுதான் நம்ம ஊர் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு, எனக்கே தெரியாமல் என் மூக்கின் மேல் ஏறியிருந்த துப்பட்டாவை முதலில் எடுக்க வேண்டும்.