காகிதம் நுழையாத கதவு

எங்கள் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பினால் சோற்றில் பாதி மண். அதனால்தான் காகிதத் தச்சருக்கு அவ்வளவு மவுசு. மற்ற தச்சர்கள் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுவார்கள். இவர் விடமாட்டார். கதவை மாட்டிச் சாத்தியதும் இடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்ப்பார். நுழைந்துவிட்டால் அந்தக் கதவையே ஓரங்கட்டிவிட்டு வேறு செய்வார்.

"இவ்வளவு இறுக்கம் எதுக்குங்க?" என்று யாராவது கேட்டால் போச்சு.

"மரத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று எகிறுவார். தலைக்கனம் பிடித்த மனிதர். ஆனால் வேலை சுத்தம்.

ஒரே மகள். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குத்தான் போனாள். அந்த வீட்டுக்கு நாலு விரல் கனத்தில் கதவு செய்து கொடுத்தார். ஊரே போய்த் தட்டிப் பார்த்தது.

ஐம்பது வருஷத்துக்கு முன்பு, அந்தப் பெரிய நிலநடுக்கம் நடுப்பகலில் வந்தது. முதல் ஆட்டத்தில் சுவர்கள் விழவில்லை, சாய்ந்தன. நிலைகள் கோணிக்கொண்டன. ஓட்டைக் கதவுக்காரர்கள் எல்லாம் உதைத்துத் திறந்து தெருவுக்கு ஓடிவந்தார்கள். தச்சரின் கதவுகள் மட்டும் அசையவில்லை. தெருவுக்கு நாலைந்து வீடுகளில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

அத்தனையையும் தாண்டி அவர் மகள் வீட்டுக்கு ஓடினார். அதற்காக அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலில் கம்பி. கோடாலியை ஓங்கிக் கதவில் போட்டார். தேடித் தேடி எடுத்த வைரம் பாய்ந்த மரம், சில்லுச் சில்லாகத்தான் பெயர்ந்தது.

"அப்பா, சீக்கிரம்ப்பா. கூரையிலிருந்து மண்ணு கொட்டுது."

"தள்ளி நில்லும்மா. இதோ ஆச்சு."

"நீங்க செஞ்ச கதவுதானேப்பா. எங்க அடிச்சா உடையும்னு தெரியாதா?"

தெரியாது. உடையாமல் செய்யத்தான் அவருக்குத் தெரியும். ஒரு கை நுழையும் அளவுக்குத் துளை விழுந்ததும் அவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டார். அப்போதுதான் இரண்டாவது ஆட்டம் வந்தது. கூரை மொத்தமாக உள்ளே இறங்கியது. அந்தக் கையை அவரிடமிருந்து விடுவிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

ஊர் அவரை அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டது. எனக்கு அதைவிட அடித்திருக்கலாம் என்று தோன்றும்.

அதிலிருந்து எட்டாம் மாதம் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தான். அன்று வயலில் இருந்ததால் பிழைத்தவன். மறு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பள்ளத்தாக்கில் மிஞ்சிய தச்சர் இவர் ஒருவர்தான்.

"மாமா, புது வீட்டுக்குக் கதவு ஒண்ணு வேணும்" என்றவன் தலையைக் குனிந்துகொண்டான். "இந்தத் தடவை கொஞ்சம் இடம் விட்டு வைங்க."

"அகலம் எவ்வளவு மாப்பிள்ளை?" என்று கேட்டார் தச்சர்.