உங்கப்பன்கிட்ட சொல்லு

நானும் என் வீட்டுக்காரரும் பதினொரு மாதம் பேசவில்லை. உட்கார்ந்தது ஒரே தறியில். சேலைக்கு உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டு ஆள் வேண்டும். ஊடுநூல் சுற்றிய நாடாவை உடம்புக்கு அவர் விடுவார், கரைக்கு நான். முழங்கை இடிக்கும். வாய் திறக்க மாட்டோம்.

என் அம்மா சாவுக்கு அவர் அக்கா வரவில்லை. இருப்பது வாலாஜாபாத்தில். பஸ் ஏறினால் வந்துவிடலாம். முட்டி வலி என்று இவர் நியாயம் பேசினார். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் அவள் ஓடியோடிப் பந்தி பரிமாறினாள். அன்றோடு பேச்சை விட்டேன். அது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

வீட்டு வேலை நடக்கவேண்டுமே. நடுவில் மகள் இருந்தாள். பிளஸ் ஒன்.

"கொட்டிக்க வரச் சொல்லு உங்கப்பனை."

"அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுது."

"அவ கையால தின்னா செரிக்காதுன்னு சொல்லு."

"அப்பா அப்புறமா சாப்பிடுதாம்மா."

சின்ன வீடு. அவர் சொல்வது எனக்கே கேட்கும். ஆனாலும் மகள் சொன்ன பிறகுதான் பதில். வசவை எடுத்துவிட்டுச் சொல்வாள். கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

பிறகு அவள் தட்டில் சோறு மிஞ்சியது. சீப்பு நிறைய முடி வந்தது. ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டால் தலையாட்டல்தான். திமிர் என்று போனைப் பிடுங்கி வைத்தேன். அவர் காலண்டர் தாளைக் கிழித்து, 'பட்டு வந்ததா' என்று எழுதி அவள் கையில் கொடுத்தார். அதையும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் மயங்கி விழுந்தாள். டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"வீட்டுல எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்லை" என்றோம் இரண்டு பேரும். அதில் மட்டும் ஒத்துப்போனோம்.

டீச்சர் விடவில்லை. மறுநாளே பெரியாஸ்பத்திரியில் கவுன்சிலிங் பார்க்கச் சொன்னார். போகும்போது என் வீட்டுக்காரர் மகளிடம், "உன்னைப் பைத்தியம்னு ஊருக்குக் காட்டப் போறாளான்னு கேளு உங்கம்மாவை" என்றார். அவள் கேட்கவில்லை.

கவுன்சிலிங் செய்கிற பெண்ணுக்கு வயது குறைவு. "எப்பலேர்ந்து இப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

நான் மகளைப் பார்த்து, "உங்கப்பனைச் சொல்லச் சொல்லு" என்றேன்.

"ஏன், அவளுக்கு வாயில்லையான்னு கேளு."

அந்தப் பெண் பேனாவை வைத்தாள். மகளை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"இப்ப யாரு வழியா பேசுவீங்க? நானா?"

இரண்டு பேரும் சாத்திய கதவைப் பார்த்தோம்.

"உங்க கோபத்தை அந்தப் பொண்ணு சுமந்துக்கினு நடக்குது. சண்டை போடாதீங்கன்னு நான் சொல்லலை. நேரா போடுங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. நேற்று வந்தவள் எனக்குச் சொல்வதா. அந்த ஆத்திரத்தில் அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்கக்கா முட்டி கல்யாணத்துல மட்டும் வலிக்கலையா?"

"செத்தவளை வெச்சுக்கினு இன்னும் எத்தினி நாளுடி கத்துவ?"

பதினொரு மாதம் கழித்துப் பேசிய பேச்சு அது. அந்தப் பெண் தடுக்கவில்லை. அடுத்த வாரம் மூன்று பேரும் வரவேண்டும் என்று சீட்டு எழுதினாள்.

மறுநாள் மதியம் சோறு வடித்தேன். பழக்கம் போகவில்லை.

"உங்கப்பன்கிட்ட சொல்லு, சோறு..."

மகள் தலையை நிமிர்த்தினாள்.

"நீயே சொல்லுமா."

பன்னிரண்டு நாளில் முதல் பேச்சு. வேறு நாளாக இருந்தால் கையை ஓங்கியிருப்பேன். தறிப் பக்கம் திரும்பினேன்.

"சோறு போட்டாச்சு. வந்து தின்னுங்க."

"வரேன், கத்தாதே."

வந்தார். அவர் அக்காவை நான் மன்னிக்கவில்லை. அதை அவரிடமே சொல்லிக்கொண்டு குழம்பு ஊற்றினேன். அவரும் விடாமல் பதில் சொன்னார். மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டுபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

தின்றாள்.