கசும்பா மடுவுக்கு முதல் மழை

நவம்பர் பதினாறாம் தேதி காலையில் எஸ்னாத் ஷாவாவிடம் பதினொரு படங்கள் இருந்தன. வேண்டியது பன்னிரண்டு.

பதினொன்றும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. லுவாங்வா ஆற்றோரக் காட்டில் கசும்பா மடு, அதன் கரையில் ஒரு முசாங்கு மரம், மரத்தடிக்கு வந்து போகிற உயிர்கள். மாதத்துக்கு ஒன்று. தலைநகர் லுசாகாவில் படக்கூடம் நடத்தும் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "வருஷம் முழுசா இருந்தா சுவர் முழுசும் உனக்கு. ஒரு மாசம் குறைஞ்சாலும் வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

எஸ்னாத்துக்கு நாற்பத்தொரு வயது. சிபாட்டா கடைத்தெருவில் அவள் அப்பா வைத்திருந்த ஸ்டூடியோவில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்து அடையாள அட்டை, கல்யாணம், தேவாலயக் கூட்டம் என்று இருபது வருடம் மனிதர்களைப் படமெடுத்துவிட்டுத்தான் காட்டுக்கு வந்தாள். யானைக்கும் மணப்பெண்ணுக்கும் அவள் ஒரே விதிதான் வைத்திருந்தாள். பின்னால் ஓடுகிறவனுக்கு முதுகுதான் கிடைக்கும்; எல்லாரும் வந்து சேரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொள்ள வேண்டும்.

அப்படித்தான் முசாங்கு மரத்தைப் பிடித்தாள். ஊரே பச்சையாக இருக்கும் மழைக்காலத்தில் மொட்டையாக நிற்கும். ஊரே காய்ந்து கிடக்கும்போது தழைத்து நிழல் தரும். அப்படியொரு எதிர்வாதம் பிடித்த மரம். டிசம்பரிலும் ஜனவரியிலும் படகில் போய், வெள்ளத்தில் முட்டளவு நின்ற மரத்தின் மொட்டைக் கிளைகளை எடுத்தாள். ஏப்ரலில் புல் ஆள் உயரம். மானின் கொம்பு நுனிகள் மட்டும் தெரிந்தன. ஜூனில் மூடுபனி. செப்டம்பரில் செக்கச்செவேலென்று பஞ்சுருட்டான் பறவைக் கூட்டம். அக்டோபரில் மடு வற்றிப் பாளம் பாளமாக வெடிக்க, மரத்திலிருந்து உதிர்ந்த காய்களைப் பொறுக்க யானைகள் வரிசை கட்டின.

நவம்பர் என்றால் முதல் மழை. காய்ந்த மடுவை இன்னொரு முறை எடுத்து நவம்பர் என்று மாட்ட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மழை விழுந்த மறுநாளே கரிசல் பாதை குழம்பாகிவிடும், வண்டி போகாது. படகு மிதக்க ஆற்றில் இன்னும் தண்ணீர் ஏறியிருக்காது. ஆகவே அவள் தங்கியிருந்த காட்டு முகாமை மழைக்காலத்துக்காகக் காலி செய்யும் லாரிகள் கிளம்புவதற்கும் மழை இறங்குவதற்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளிதான் அவளுக்கு மிச்சம்.

காட்டுக்குள் துப்பாக்கிக் காவலர் இல்லாமல் ஒருவரும் காலால் நடக்கக் கூடாது. அவளுக்கு வாய்த்த காவலர் கலுபா. அவன் பெம்பா இனம், அவள் ங்கோனி இனம். பாட்டன் காலத்தில் இரண்டு கூட்டமும் ஈட்டியோடு மோதிக்கொண்டதாம். இப்போது அவர்களுக்குள் மாமன் மச்சான் முறை. அவன் கூட்டத்தைக் குரங்கு தின்னி என்றும் அவள் கூட்டத்தை எலி தின்னி என்றும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், இழவு வீட்டிலும் கேலி செய்யலாம், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு, மீட்க என்ன தருவாய் என்று கேட்கலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. வந்தால் ஊர் சிரிக்கும்.

ஆகஸ்டில் கலுபாவின் பெரியப்பா இறந்தபோது எஸ்னாத் துக்கத்துக்குப் போனாள். போனவள் நேராகக் குழிக்குள் இறங்கிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "கோழி வராம கிழவன உள்ள விடமாட்டேன். குரங்கு தின்னுற கூட்டத்துக்கு நல்ல கோழி வளக்கத் தெரியுமான்னு பாக்கணும்." விதவை அழுதுகொண்டே சிரித்தாள். கலுபா கோழி கொடுத்துத்தான் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பழி தீர்க்க அவன் மூன்று மாதம் காத்திருந்தான்.

பதினாறாம் தேதி மதியம் கிழக்கே மேகம் கருத்தது. முகாமில் பாதிக் கூடாரங்கள் பிரித்தாயிற்று, முதல் லாரி போய்விட்டது. எஸ்னாத் பையைத் திறந்தாள். முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரியைக் காணோம். கேமராவுக்குள் இருந்ததில் கடைசிக் கோடு ஒன்றுதான் மினுக்கியது.

அடுப்படிப் பக்கம் கலுபா என்ஷிமா என்கிற மக்காச்சோளக் களியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மச்சினி, எதையோ தேடுற மாதிரி இருக்கு? எலி வளையில பாத்தியா? உங்க வீட்டுச் சாப்பாடெல்லாம் அங்கதான இருக்கும்."

"மச்சான், பேட்டரி எங்க?"

"ரெண்டு கோழி. ஒண்ணு பெரியப்பாவுக்கு, ஒண்ணு எனக்கு."

"சரி, ரெண்டு கோழி. எடு."

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பேட்டரியை ஒளித்து வைத்த கோட்டு தொங்கிய ஆணிப்பக்கம் போனான். ஆணி மட்டும் இருந்தது.

"என் கோட்டு எங்கய்யா?"

"படுக்கையோட சேத்துக் கட்டி முதல் லாரியில ஏத்தியாச்சே" என்றார் சமையல்காரர். "நீதான எல்லாத்தையும் ஏத்துன்னு சொன்ன?"

கலுபாவின் வாயில் இருந்த கவளம் அப்படியே நின்றது. எஸ்னாத்துக்கு உச்சந்தலைவரை சூடேறியது. கத்தியிருப்பாள். ஆனால் முறை முறைதான். மூச்சை இழுத்து விட்டாள். பிறகு சிரித்தாள், சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். கலுபா மட்டும் சிரிக்கவில்லை. பிடுங்கியதைத் திருப்பித் தர முடியாதவன் கேட்டதைச் செய்தாக வேண்டும்.

"என்ன செய்யணும், சொல்லு" என்றான்.

"மூணு மணிக்கு ரெண்டாவது லாரி போகும்ல. நாம அதுல போகல. மழை வர்ற வரைக்கும் நீ எங்கூட மடுவுல நிக்கிற. அப்புறம் ரெண்டு பேரும் நடந்து காட்டு வாசலுக்குப் போறோம்."

"சேத்துலயா?"

"சேத்துலதான்."

"மத்த நாளா இருந்தா உன்ன தூக்கி லாரியில போட்டிருப்பேன்."

"தெரியும். அதான் இன்னிக்குக் கேக்குறேன்."

வழக்கமான கரையான் புற்றின் பக்கத்தில் நின்றார்கள். லாரியின் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவள் கேமராவை அணைத்தே வைத்திருந்தாள். ஸ்டூடியோவில் ஃபிலிம் சுருளை எண்ணி எண்ணி எடுத்துப் பழகியவளுக்கு அது புதிதல்ல. கண்ணால் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்: மரம் இங்கே, வெடிப்பு இங்கே, முதல் யானை இங்கே வரும்.

வந்தது. கிழட்டுப் பெண் யானை ஒன்று, பின்னால் ஏழெட்டு. காய்களைத் துழாவித் துழாவித் தின்றன. அப்போது மழைக்கு முன்வரும் காற்று சுழன்று இவர்கள் முதுகிலிருந்து அடித்தது. கிழவி சட்டென்று தலையைத் தூக்கினாள். தும்பிக்கை இவர்கள் பக்கம் நீண்டது. இரண்டு எட்டு முன்னால் வைத்தாள், காது விரிந்தது.

கலுபா துப்பாக்கியின் பூட்டை விலக்கினான். "பின்னால போலாமா?" என்றான், உதடு அசையாமல்.

"நில்லு."

"மச்சினி, விளையாட்டு இல்ல."

"மழை வந்துருச்சு. நம்ம வாடை செத்துரும். நில்லு."

அவள் சொல்லி முடிக்குமுன் மழை மடுவின் அந்தக் கரையில் இறங்கி, திரை இழுத்த மாதிரி நடந்து வந்தது. வெளுத்த மண் ஒரு பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. முதல் துளிகள் கிழவியின் முதுகில் புழுதியைக் கிளப்பின. எஸ்னாத் கேமராவை உயிர்ப்பித்தாள். லென்ஸில் தண்ணீர் தெறித்தது. மேலே பிடிக்கக் கலுபாவின் கோட்டும் இல்லை, அது முதல் லாரியில்.

கலுபா துப்பாக்கியை ஒரு கைக்கு மாற்றி, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி லென்ஸுக்கு மேலே கூரையாகப் பிடித்தான். தண்ணீர் அவன் மொட்டைத் தலையில் கொட்டி மூக்கு வழியாக ஒழுகியது. நீண்ட தும்பிக்கை, பாதி கறுத்த மடு, மரம். அவள் அழுத்தினாள். இன்னொரு முறை. மூன்றாவதை அழுத்தியதும் கேமரா செத்தது.

கிழவி காதை மடக்கினாள். வாடை கரைந்துபோயிருந்தது. திரும்பவும் காய்க்குக் குனிந்தாள்.

"கிடைச்சிருச்சு" என்றாள் எஸ்னாத்.

"பாக்காமலேயா சொல்ற?"

"எங்கப்பா காலத்துல யாரு பாத்தா? அழுத்தும்போதே தெரியும்."

வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. இருவர் காலிலும் ஆளுக்கு ஒரு வயல் ஒட்டியிருந்தது. முதல் லாரி அங்கே இறக்கிவிட்டுப் போன மூட்டைகளில் கோட்டைக் கண்டுபிடித்து, உள்பையிலிருந்து பேட்டரியை எடுத்து மாட்டினார்கள். முதல் படம் அசைந்திருந்தது. மூன்றாவதில் லென்ஸ் மேல் துளி. இரண்டாவதை எஸ்னாத் வெகுநேரம் பார்த்தாள். மழை மடுவைச் சரிபாதியாகப் பிரித்திருந்தது, கிழவியின் தும்பிக்கை நுனியிலிருந்து நீர் தெறித்தது. மேல் மூலையில் கறுப்பாக ஒரு வளைவு.

"அது என் தொப்பி!" என்றான் கலுபா. "என் தொப்பிய என்னக் கேக்காம எப்படிப் படம் எடுத்த? ஒரு கோழி."

"படத்துல குரங்கு விழுந்துட்டா பொதுவா வெட்டி எடுத்துருவேன். இத விட்டு வைக்கிறேன். அதுக்கு நீ தரணும் கோழி."

மறுநாள் காலை பாதை மூடப்பட்டது. இனி மே மாதம்தான் திறப்பார்கள். படக்கூடத்தில் கண்காட்சி ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை திறக்கிறது. பன்னிரண்டாவது படம் தொப்பியோடுதான் தொங்கும். திறப்பு விழாவுக்குக் கலுபா லுசாகா பஸ்ஸில் வருகிறான், ஒரு கோழியோடு.