பின்பட்டையில் ஒரு சிவப்புத் தீற்றல்

நான் போட்ட சத்தம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும் என்கிறார் தாமு. என் மெக்கானிக். டிராக்டர், பம்ப்செட், என்னுடைய பழைய அம்பாசிடர் என்று எதைக் கொடுத்தாலும் சளைக்காதவர்.

"பாம்பா மேடம்?" என்று கம்பியோடு ஓடி வந்தார்.

பாம்பு இல்லை. பெயிண்ட்! பின்சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் பட்டையில் — அதுதான், லீஃப் ஸ்பிரிங்கில் — விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புத் தீற்றல்.

இரண்டு மாதமாக நான் அந்த வண்டிக்கு அடியில்தான் குடியிருக்கிறேன். காரணம், சென்னையில் நடக்கும் பழைய கார் கண்காட்சி. அதில் 'அசல் பூச்சு' என்று ஒரு பிரிவு. அடியில் இருக்கிற ஸ்பிரிங், போல்ட், நட்டு எல்லாம் கம்பெனியை விட்டு வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். பளபளப்பு கூடினாலும் மார்க் போய்விடும். எனக்கு அந்த முதல் பரிசு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... ரொம்ப வேண்டும்.

தாமுவுக்கு இது புரியவே இல்லை. "கிரைண்டர்ல பிரஷ்ஷ மாட்டி ஒரு ஓட்டு ஓட்டி, கருப்பு பெயிண்ட அட்ச்சா கண்ணாடி மாரி ஆய்டும். இன்னாத்துக்கு மேடம் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ வெச்சிக்கினு பேஜார் பண்றீங்கோ?"

பேஜார்தான். ஆனால் கிரீஸும் சேறும் சேர்ந்து அடையாக அப்பியிருப்பதை டீசலில் ஊறவைத்து, மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்கும்போது உள்ளேயிருந்து அந்தப் பழைய கருப்பு வரும் பாருங்கள்! மினுக்காத, அடக்கமான கருப்பு. கையெல்லாம் எரிச்சல், முதுகு விட்டுப் போச்சு... இருந்தாலும் எழுந்து வர மனசே வராது.

இப்போது சிவப்பு வேறு! அந்தக் காலத்தில் கம்பெனிப் பரிசோதகர், சரிபார்த்த பாகத்தின் மேல் பெயிண்டால் ஓர் இழுப்பு இழுத்துவிடுவாராம். அந்த அடையாளம் கிடைத்தால் புதையல் கிடைத்த மாதிரி என்று வெள்ளைக்காரர்கள் இன்டர்நெட்டில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அந்தப் புதையல் என் வண்டியில்! கத்தாமல் என்ன செய்வது?

ஒரே ஒரு குறை. தீற்றல் இடது பட்டையில் மட்டும்தான் இருந்தது. வலதில் இருந்தது அழிந்து போயிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மூன்று கடை ஏறி இறங்கி அதே சிவப்பைப் பிடித்து, அளவெடுத்து, வலது பட்டையிலும் ஒன்று இழுத்தேன். விண்ணப்பத்தில் 'கம்பெனிப் பரிசோதகரின் அடையாளம் உள்ளது' என்று எழுதினேன். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் உங்களிடமும் பீற்றிக்கொண்டேன். எத்தனை வாழ்த்துகள் அனுப்பினீர்கள்!

கண்காட்சிக்கு முதல் நாள் வேதவல்லி அக்கா வந்தார். மானாம்பதியில் நெல் பயிரிடுபவர். இந்த வண்டியை எனக்கு விற்றவரும் அவர்தான். மறுநாள் கூட வருவதாக ஏற்பாடு. நான் பெருமையாக செல்போன் டார்ச்சை அடித்து இடது பட்டையைக் காட்டினேன்.

அக்கா குனிந்தார். "அட, இது இன்னும் கீதா?"

"தெரியுமாக்கா? கம்பெனிக்காரன் வெச்ச மார்க்கு..."

"கம்பெனிக்காரனா? நாந்தாமா வெச்சேன்! மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புல அட்ச்ச பெயிண்ட்டு கொஞ்சம் மீந்து போச்சு. எல்லாத்துக்கும் வெச்சோமே, வண்டி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? மேல வெச்சா எங்க வூட்டுக்காரரு கத்துவாரு. அதான் அடியில பூந்து வெச்சுட்டேன்."

டார்ச்சை வலது பக்கம் திருப்பினேன். "அப்போ வலது பக்கம்?"

"அந்தப் பக்கம் அப்போ வைக்கப்போரு இருந்துச்சு. எப்டிமா பூர்றது?" என்றவர், வலது பட்டையை எட்டிப் பார்த்தார். "ஆமா, இத்த யாரு வெச்சது?"

தாமு திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

இன்டர்நெட்டில் எங்கெங்கோ தேடிய எனக்கு, மானாம்பதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்!

"ரெண்டையும் வுட்டுடுங்க மேடம். பாக்கறவனுக்கு இன்னா தெரியும்?" என்றார் தாமு. தின்னரை எடுத்து வலது பக்கத்தைத் துடைத்தேன். அது நான் வைத்த பொய். இடது பக்கம் கை போகவில்லை. ஒரு பெண் ஆசையாக ஊர்ந்து போய் வைத்தது அது. அதை எப்படி அழிப்பேன்?

மறுநாள் நடுவர் பாய் விரித்து வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மேடம், கம்பெனி மார்க்! நம்ம ஊர் வண்டியில நான் பார்த்ததே இல்ல!" பேனா மார்க் தாளின் மேல் நின்றது. நான் தலையை ஆட்டினால் போதும்... முதல் பரிசு. பக்கத்தில் வேதவல்லி அக்கா.

"சார்... அது மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட்."

வலது பக்கம் நான் செய்த திருட்டு வேலை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு மார்க்கைக் குறைத்தார். ஒரே ஒரு மார்க்கில் முதல் பரிசு போனது.

திரும்பி வரும்போது எனக்கு அழுகை முட்டியது. அக்கா என் தோளைத் தட்டினார்.

"பரிசு போனா போவுது. பொங்கலுக்கு வண்டிய எங்க வூட்டாண்ட இட்டா. இந்த வாட்டி வைக்கப்போர வேற எடத்துல போட்டுடறேன், ரெண்டு பக்கமும் வெச்சுடலாம்!"

போகாமல் இருப்பேனா? ஆனால் வலது பக்கம் நான்தான் வைப்பேன் — இந்த முறை அசலாக!